ஆயில் பாலாகிவிட்டதா? ஹெட்டைக் கழற்றும் முன்

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தால் உட்புறத்தில் பழுப்பு நிற வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததுமே பட்டறையில் வரும் தீர்ப்பு, "ஹெட் கேஸ்கட் போச்சு சார், ஹெட்டை இறக்கணும்." இருக்கலாம். ஆனால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலுக்குள் போவதற்கு ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, ஒரு வழி மட்டுமே. ஆயில் கூலர் (கூலண்டைக் கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும் பாகம்), டைமிங் செயினை மூடும் டைமிங் கவரின் கேஸ்கட், விரிசல் விட்ட ஹெட், விரிசல் விட்ட பிளாக் என்று மற்ற வழிகளும் உண்டு. லாரி, டிராக்டர் இன்ஜின்களில் வெட் லைனருக்கு (கூலண்ட் நேராகத் தொடும் சிலிண்டர் குழல்) கீழே இருக்கும் ரப்பர் வளையம் இன்னொரு வழி. ஃபோர்டின் 3.5 லிட்டர் வி6 இன்ஜின் குறுக்காகப் பொருத்தப்பட்ட வண்டிகளில் வாட்டர் பம்பே டைமிங் செயினுக்குப் பின்னால் உள்ளே இருக்கிறது. அதன் சீல் தேய்ந்தால் கூலண்ட் நேராகச் சம்புக்குள், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள், இறங்கிவிடும். ஆயில் கூலர் மாற்றுவது பல வண்டிகளில் ஒரு நாளுக்குள் முடிகிற வேலை. ஹெட் இறக்குவது அப்படியல்ல. எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் கொஞ்சம் யோசிப்பது பர்ஸுக்கு நல்லது.

முதலில், இது கூலண்ட்தானா? மூடியில் மட்டும் வெண்படலம் இருந்து, டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) சுத்தமாக இருந்து, கூலண்ட் ரிசர்வ் டேங்கில் அளவும் குறையவில்லை என்றால் பெரும்பாலும் அது வெறும் ஈரம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற காரில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே படியும் நீர்த்துளி ஆவியாகாமல் மூடியில் தங்கிவிடும். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் போய்விடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலும் ஆயில் பாலாகத்தான் வரும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற சென்னைக் கார்கள் இந்த ரகம். அங்கேயும் டேங்கில் கூலண்ட் அளவு மாறியிருக்காது. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் வண்டியில் டிப்ஸ்டிக் அளவு ஏறினால் ஆயிலுக்குள் டீசல் இறங்கியிருக்கலாம். அந்த ஆயில் கறுப்பாக, நீர்த்து, டீசல் வாடை அடிக்கும். பால் நிறம் வராது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. தினமும் நீண்ட தூரம் ஓடுகிற வண்டியில் கசிவு சிறியதாக இருந்தால், கூலண்டில் உள்ள தண்ணீர் சூட்டில் ஆவியாகி வெளியேறிவிடும், கூலண்டில் தண்ணீரோடு கலந்திருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் மட்டும் ஆயிலில் தங்கிவிடும். பால் நிறமே தெரியாது. ஆயில் கறுப்பாக, தார் மாதிரி கெட்டியாகும், ஃபில்டர் மடிப்புகளில் பசை படியும், டேங்கில் வாராவாரம் அளவு இறங்கும். பேரிங்குக்கு உண்மையான எமன் இந்தக் கிளைக்கால்தான். சூட்டில் சிதைந்து அமிலமாகி, பேரிங் மேல்பூச்சை அரிக்கும். எனவே டேங்கின் மீது ஒரு டேப் ஒட்டி, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவைக் குறியுங்கள். வெளியே சொட்டு இல்லாமல் அளவு இறங்கினால், எங்கோ உள்ளே போகிறது என்று பொருள்.

உறுதிசெய்ய எளிய சோதனை: வண்டியை இரவு முழுக்கச் சமதளத்தில் நிறுத்துங்கள். கூலண்ட் ஆயிலைவிட கனமானது, சம்பின் அடியில் தங்கும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்ப் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி, முழுதாகக் கழற்றாமல், முதலில் வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று உங்கள் கூலண்டின் நிறத்தில் முன்னால் ஒழுகினால் சந்தேகம் முடிந்தது. ஆனால் இன்ஜின் ஓடிக் கலக்கி, குழம்பாகிவிட்ட ஆயில் இப்படிப் பிரியாது. அப்போது ஆயிலை ஒரு சொட்டு, சுமார் 130 முதல் 150 டிகிரிச் சூட்டில் இருக்கும் இரும்புத் தகட்டின் மேல் விடுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிக்கிற மாதிரி பொரியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். தண்ணீர் ஆவியாகி கிளைக்கால் மட்டும் மிஞ்சிய ஆயில் பொரியாது. அதற்கு ஆயில் ஆய்வகத்தில் கொடுத்து, கூலண்ட் கலந்ததற்கு அடையாளமான சோடியம், பொட்டாசியம் பார்ப்பதே வழி. நாக்கில் வைத்து இனிப்பு பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம், எத்திலீன் கிளைக்கால் விஷம்.

இனி, எந்த வழியாகப் போகிறது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அழுத்தத்தை யோசித்தால் பாதி விடை தானாக வரும். ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 3, 4 பார். கூலண்ட் டேங்க் மூடி அனுமதிக்கும் அழுத்தமோ பொதுவாக 1 முதல் 1.4 பார்தான். ஆகவே அழுத்தத்தில் ஓடுகிற ஆயில் வழியும் கூலண்ட் வழியும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்தால், முதலில் ஆயில்தான் கூலண்டுக்குள் போகும். டேங்கில் காபி நிறக் கூழ் மிதக்கும். இன்ஜினை அணைத்ததும் ஆயில் அழுத்தம் நொடிகளில் பூஜ்யமாகிறது. சூடான கூலண்டோ நெடுநேரம் அழுத்தத்திலேயே நிற்கும். அந்த நேரத்தில் அதே ஓட்டை வழியே எதிர்த்திசையில் கூலண்ட் ஆயிலுக்கு வரும். இரண்டு பக்கமும் கலந்திருந்தால் முதல் சந்தேகம் ஆயில் கூலர். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல், மாருதி ஸ்விஃப்ட் டிடிஐஎஸ் உட்பட நம் சாலைகளில் ஏராளமாக ஓடிய இன்ஜின், ஆயில் ஃபில்டர் கூட்டோடு சேர்ந்த தட்டு வகைக் கூலர் கொண்டது. அந்த வண்டி டேங்கில் ஆயில் மிதந்தால் ஹெட்டைத் தொடும் முன் அதைக் கழற்றிப் பாருங்கள்.

மாறாக, டேங்க் பளிச்சென்று சுத்தமாக இருந்து, சம்ப் மட்டும் பாலாகியிருந்தால், ஆயிலுக்கு அழுத்தமே இல்லாத இடத்தில் கசிவு: ஹெட்டிலிருந்து ஆயில் இறங்கும் வழியை ஒட்டிய கேஸ்கட் ஓரம், டைமிங் கவர், லைனர் வளையம், விரிசல். ஒரு விதிவிலக்கு உண்டு. ஹெட்டுக்கு அழுத்தத்தோடு ஆயில் ஏறும் ஒற்றைத் துளையைச் சுற்றிக் கேஸ்கட் போனாலும் டேங்கில் ஆயில் வரும். கூலர் நன்றாக இருந்தால் அடுத்தது அதுதான்.

கூலரைச் சோதிக்க, கழற்றி ஆயில் பக்கத் துளைகளை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, 2, 3 பார் காற்று கொடுத்துத் தண்ணீரில் முக்குங்கள். சூடாக்கிய தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது. குமிழ் வந்தால் மாற்றுங்கள். தட்டுக் கூலரைப் பற்றவைத்துச் சரிசெய்வது பணவிரயம்.

கூலர் சரி என்றால் பிரஷர் டெஸ்டர், அதாவது கூலண்ட் சுற்றுக்குள் காற்றழுத்தம் ஏற்றும் கைப்பம்பு. ஆறிய இன்ஜினில் டேங்க் மூடியின் இடத்தில் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடியுங்கள். அதிகமாக அடித்தால் நல்ல ரேடியேட்டரும் போகும். இருபது நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கி, வெளியே ஈரம் இல்லையென்றால், சம்பைக் கழற்றி, கீழே சுத்தமான அட்டையை விரித்து மறுபடி அடியுங்கள். டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்தால் கசிவு தன்னைக் காட்டிக்கொடுக்கும். லைனரின் அடி விளிம்பில் சொட்டுகிறதா, ஹெட்டிலிருந்து ஆயில் இறங்கும் ஓட்டையில் வருகிறதா, டைமிங் பக்கச் சுவரில் வழிகிறதா என்று அட்டையில் விழும் இடமே சொல்லிவிடும். சம்பைக் கழற்றச் சோம்பல்பட்டு இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் இதைவிடத் தெளிவான சோதனை வேறு இல்லை.

நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறும் பிளாக் டெஸ்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டில் கலக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். கூலண்ட் வழிக்கும் ஆயில் வழிக்கும் நடுவில் மட்டும் கேஸ்கட் போயிருந்தால் திரவம் நீலமாகவே இருக்கும். லீக்டவுன் சோதனைக்கும் இதே குறை: சிலிண்டருக்குள் காற்று கொடுத்து டேங்கில் குமிழ் பார்த்தால் சிலிண்டர் ஓரத்துக் கசிவுதான் பிடிபடும். டீசலில் பிளாக் டெஸ்ட் இன்னும் பலவீனம், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் ஓடும்போது) புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு.

ஹெட் இறங்கியே ஆக வேண்டும் என்றானால், ரீபோரிங் பட்டறையில் பேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமன்செய்வது) மட்டும் போட்டு வாங்கி வராதீர்கள். தண்ணீர் வழிகளை அடைத்து, 70, 80 டிகிரி வெந்நீரில் முக்கி, காற்று அடித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வால்வ் சீட்டுகளுக்கு நடுவே விழும் விரிசல் பல, ஆறிய ஹெட்டில் மூடிக்கொள்ளும். நேர்ச்சட்டம் வைத்து நீளம், அகலம், மூலைவிட்டம் பாருங்கள். பல இன்ஜின்களில் 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் நுழையக் கூடாது. சில டீசல் ஹெட்டுகளுக்கு பேசிங்கே கூடாது என்பதால் மேனுவலைப் பாருங்கள். டீசல் கேஸ்கட் பல தடிமனில் வரும். ஓரத்தில் உள்ள துளை அல்லது வெட்டுக்குறியை எண்ணி, பிஸ்டன் மேலெழும் அளவுக்கு ஏற்றதை வாங்குங்கள். கோணம் பார்த்து முறுக்கும் ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வேண்டும்.

வேலை முடிந்ததும் கழுவுவதில்தான் மீதி ஆயுள் இருக்கிறது. அதே கிரேடில் மலிவான மினரல் ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, பத்து, பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடியுங்கள். பால் நிறம் மறையும் வரை, இரண்டு மூன்று தடவை. டீசல் ஊற்றிக் கழுவுவது வேண்டாம், பேரிங்கில் ஆயில் படலம் நிற்காது. கூலண்ட் பக்கம் ஆயில் ஏறியிருந்தால் நுரைக்காத பாத்திர மெஷின் பவுடரை வெந்நீரில் கரைத்து ஓட்டி, கடைசியாகச் சுத்தத் தண்ணீரால் அலசுங்கள். நுரைக்கும் பாத்திர சோப்பு போட்டால் நுரை அடங்க நாளாகும். ஆயில் குடித்து உப்பிய ரப்பர் ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றுங்கள். நல்ல ஆயில் ஊற்றிய பின் 500 கிலோமீட்டரில் ஒரு முறை மாற்றி, வடித்த ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். காகித மடிப்பில் செம்பு நிறப் பொடி மின்னினால் சம்பை மறுபடி கழற்றி பேரிங்குகளைப் பார்க்க வேண்டியதுதான்.