34 வயதில் ஆட்டிசம் மதிப்பீடு: கடலூரிலிருந்து ஓர் அனுபவம்

மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும், சத்தம் போன்றவற்றை உணர்வதும் வேறு விதமாக இருக்கும் நிலைதான் ஆட்டிசம். அது குழந்தைகளின் விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேலைக்குப் போய்வரும் 34 வயதுப் பெண்ணான நான் அதற்கான மதிப்பீட்டைத் தேடிப் போன கதையை, இதே கேள்வியோடு தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பேச்சு வரும், ஆனால் நாலு பேர் பேசும் இடத்தில் எப்போது வாய் திறப்பது என்பது மட்டும் பிடிபடவே இல்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். கல்யாண வீட்டில் மேளமும் மைக்கும் சேர்ந்துவிட்டால், எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழும், மனதில் பதியாது. உறவினர்கள் தலைக்கனம் என்றார்கள். எனக்கும் மனிதர்கள் வேண்டும், பேச்சுத்துணை வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் மிகவும் வலித்தது.

முதலில் பார்த்த மருத்துவர், "இவ்வளவு தெளிவாகப் பேசுகிறீர்களே, உங்களுக்கா ஆட்டிசம்?" என்று கேட்டுவிட்டு, பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். தெளிவாகப் பேசுவதற்கு நான் எவ்வளவு ஒத்திகை பார்க்கிறேன் என்று அவர் கேட்டிருக்கலாம். பிறகு விசாரித்து, பெரியவர்களையும் மதிப்பிடும் ஒரு மருத்துவ உளவியலாளரைப் புதுச்சேரியில் கண்டுபிடித்தேன்.

இதற்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கேட்பதும் கவனிப்பதும்தான் பரிசோதனை. சிறு வயது விவரங்கள் தேவை என்பதால் அம்மாவையும் அழைத்து வரச் சொன்னார்கள். பழைய பள்ளி அறிக்கைகள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்ப மாட்டேன் என்பதால், காது கேட்கவில்லையோ என்று பயந்து காது டாக்டரிடம் காட்டியதாக அம்மா சொன்னார். எனக்கு அது அன்றுதான் தெரியும். தட்டில் குழம்பு சோற்றைத் தொட்டுவிட்டால் சாப்பிடாமல் எழுந்துவிடுவேனாம். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று, "நான் வளர்த்த விதம் சரியில்லையா?" என்று அழுதுவிட்டார். ஆட்டிசம் வளர்ப்பால் வருவதில்லை, பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு என்று உளவியலாளர் பொறுமையாக விளக்கினார். எனக்காக இல்லாவிட்டாலும், அம்மா அதைக் கேட்டதற்காகவாவது அங்கே போனது நல்லதாயிற்று.

என்னை மதிப்பிட உளவியலாளர் பயன்படுத்திய பட்டியலின் பெயர் இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல். அதில் 40 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அவற்றில் பல, சிறுவர்களை மனதில் வைத்து அமைந்தவை. அதனால் அலுவலகம், நட்பு, தூக்கம், சத்தம் என்று என் அன்றாடத்தைப் பற்றித் தனியாக நெடுநேரம் கேட்டார். முடிவு, லேசான ஆட்டிசம். நான் பள்ளியில் படித்தபோது இருந்த 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் 21 மாற்றுத்திறன் வகைகளில் அதுவும் இருக்கிறது. என் ஆசிரியர்கள் கண்டுகொள்ளாததில் வியப்பில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: உளவியலாளர் தரும் மதிப்பீட்டு அறிக்கை வேறு, அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் கூட்டம் எளிதாகிவிடவில்லை. ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்தது. அலுவலகத்தில் ஓர் அக்காவிடம் மட்டும் சொன்னேன்: "உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்." இப்போது ஞாயிறு காலையில், கூட்டம் சேருமுன், இருவரும் சில்வர் பீச்சில் நடக்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு தானாக வருகிறது. கடந்த மாசி மகத்துக்கு அத்தை முன்கூட்டியே போன் செய்து, யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று சொல்லிவிட்டு, "மேளம் தொடங்குமுன் கிளம்பிவிடு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்" என்றார். போய்ச் சாப்பிட்டுவிட்டு, சொன்னபடியே கிளம்பினேன்.