நாற்பது வளைவுகளும் ஒரு பித்தளை வளையமும்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எண்கள் அடிவாரத்திலிருந்து தொடங்குவதால், இறங்குபவர்களுக்கு அவை குறைந்துகொண்டே வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் காரை ஒரு மார்கழி அதிகாலையில் அந்தச் சாலையில் இறக்கியபோது, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிய ஒவ்வொரு முறையும் கியர் பாக்ஸ் ‘கர்ர்’ என்று கடித்தது. முப்பதுக்கு மேற்பட்ட எண் வளைவுகளில் பல்லைக் கூசவைத்த அந்தச் சத்தம், லோம்ஸ் வியூ பாயின்ட் இருக்கும் ஒன்பதாவது வளைவுக்கு வந்தபோது ஏறக்குறைய அடங்கிவிட்டது. தானாகவே சரியாகிவிட்டது என்று நானும் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் மீண்டும் கடித்தது. முதலில் காட்டிய பட்டறையில், ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தே ஆக வேண்டும் என்றும், பிரிக்கும்போதே கிளட்ச் செட்டையும் மாற்றிவிடுவது நல்லது என்றும் சொல்லி, நான் காரை வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்குக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். மனம் ஒப்பாமல், பொள்ளாச்சியில் நண்பர் ஒருவர் காட்டிய மூத்த மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்காமல் கேட்ட முதல் கேள்வி இது: “வண்டி சூடான பொறவும் கடிக்குதுங்களா, காலையில மட்டுந்தானுங்களா?” நான் வளைவு எண்களின் கணக்கைச் சொன்னதும், “அப்ப கடைசியா என்ன ஆயில் ஊத்துனாங்கன்னு பில்லு இருந்தாக் கொண்டாங்க” என்றார்.

பில் வருவதற்குள் கிளட்சைச் சோதித்துவிட்டார். இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சை முழுவதுமாக மிதித்து, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது. என் கார் போன்ற பல சிறிய கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ, அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு, கிடையாது. கிளட்ச் முழுமையாக விடுபடாமல் இழுத்துக்கொண்டிருந்தால், இன்ஜினிலிருந்து கியர் பாக்ஸுக்கு உள்ளே செல்லும் இன்புட் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால் ரிவர்ஸ் கண்டிப்பாகக் கடிக்கும். அதன் பிறகு நியூட்ரலில் வைத்தே, காலை எடுத்தும் மிதித்தும் காதைக் கொடுத்தார். காலை எடுத்தால் இரைச்சல் வந்து மிதித்தால் நின்றுவிடுமானால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கையும், மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டு இரைச்சலும் இல்லை. ஸ்பானரைக் கையில் எடுக்காமலேயே, மாற்றச் சொல்லி எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட கிளட்ச் செட் குற்றமற்றது என்று தெரிந்துவிட்டது.

பழைய உரிமையாளர் கொடுத்த ஃபைலில், ஜிஎல்-5 தரத்தில் 90 கிரேடு ஆயில் ஊற்றியதாக ஒரு பில் இருந்தது. ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தர வகை; கிரேடு எண் அதன் கெட்டித்தன்மை. காரின் கையேடு சொல்வதோ ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-80. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது, கியர் விழும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் புரியும். இரண்டாவது கியரின் பல்சக்கரமும் அதனுடன் இணைய வேண்டிய ஷாஃப்ட்டும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது, அவற்றுக்கு இடையே உள்ள பித்தளைச் சிங்க்ரோ வளையம் கூம்பு வடிவப் பரப்பின் மேல் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. அதன் பிறகுதான் கியரையும் ஷாஃப்ட்டையும் பூட்டும் ஸ்லீவ் நகர்ந்து பற்கள் பொருந்துகின்றன. கியரைக் குறைக்கும்போது இந்த வளையம் இன்புட் ஷாஃப்ட்டையும் கிளட்ச் பிளேட்டையும் முன்னைவிட வேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கிறது. குளிரில் விளக்கெண்ணெய் போல் கெட்டியாக நிற்கும் ஆயில் அதற்கு எதிராக இழுப்பதால், வேகம் சமமாவதற்குள் பற்கள் மோதிக்கொள்கின்றன. கியரை ஏற்றும்போது அதே கெட்டித்தன்மை வேகத்தைக் குறைக்க உதவும் என்பதால்தான் மூன்றாவது கியர் ஒருநாளும் முனகவில்லை. போதாக்குறைக்கு, ஜிஎல்-5 ஆயில், பின் அச்சுகளில் இருக்கும் ஹைபாய்டு வகைப் பற்சக்கரங்களின் கடும் அழுத்தத்துக்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கக்கூடும். எண் பெரிதாக இருந்தால் தரமும் உயர்ந்தது என்று நினைத்து ஊற்றியிருப்பார்கள் போலும்.

ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். அவர் முதலில் திறந்தது ஆயில் ஊற்றும் துளையின் போல்ட்டை. அது துருவேறித் திறக்க மறுத்தால், கீழே ஆயிலை வடித்துவிட்டு வண்டியை நகர்த்தவும் முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். வடிந்த ஆயில் கறுப்பாக, அழுகிய முட்டை வாடையுடன் வந்தது. டிரெயின் போல்ட்டின் காந்த முனையில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசையை இரண்டு விரலால் தேய்த்துக் காட்டினார். மை போல் வழுக்கினால் அது இயல்பான தேய்மானம். நறநறவென்று உறுத்தினாலோ செதில் தட்டுப்பட்டாலோ பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். எனக்கு வழுக்கியது. சமதளத்தில் நிறுத்திய வண்டியில், ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும் வரை புது ஆயில் ஊற்றி, வாஷர்களை மாற்றி மூடினார். இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடித்தது.

காலை நேரத்துக் கடி நின்றது. ஆனால் வேகமாக இரண்டாவதுக்கு இறக்கினால் மட்டும் மெல்லிய உறுத்தல் மிச்சமிருந்தது. வளையம் ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்துவிட்டது என்று சொன்ன அவர், இதற்காக மட்டும் பாக்ஸைப் பிரிக்க வேண்டாம், கிளட்ச் பிளேட் தேயும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்றார். அதுவரை, நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரைச் சற்றே தட்டி, மறுபடி மிதித்துக் கியரைப் போடக் கற்றுக் கொடுத்தார். அந்தக் காலத்து லாரி ஓட்டுநர்களின் இந்தப் பழக்கம் என் காலுக்குப் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று.

ஒன்றரை ஆண்டுக்குப் பின் மலை ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியபோதுதான் பாக்ஸ் இறங்கியது. வளையத்தைக் கியரின் கூம்பில் அழுத்தி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தார். என் காரின் சர்வீஸ் புத்தகப்படி புதிதில் 1 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி, 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தது. ஆயிலை அறுத்து விலக்குவதற்காக வளையத்தின் உள்பக்கம் இருக்கும் மெல்லிய வரிகள் மழுங்கி, கண்ணாடி போல் பளபளத்தன. இரண்டாவது கியரின் வளையம், கிளட்ச் செட், டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல்கள் எல்லாம் மாற்றியும், முதல் பட்டறையின் எஸ்டிமேட்டில் பாதியைத் தாண்டவில்லை.

பழைய வளையத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது. பானெட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, ‘ஜிஎல்-4, 75டபிள்யூ-80’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஆயில் ஊற்றப்போகிறவர் கையேட்டைத் தேடிப் புரட்டுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.