படிக்கட்டும் நாற்பத்தெட்டு விநாடியும்

2025 மே 3, சனி

இன்று மூன்றாம் பெட்டியிலிருந்து எட்டுப் பேர் இறங்கினார்கள். நான் இறங்கச் சொன்னது ஒருவனை. இதை இன்றிரவே எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு என் ஞாபகம் எனக்குச் சாதகமாகப் பேச ஆரம்பித்துவிடும்.

எங்களுடையது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஓடும் நீராவி வண்டி. ஆறு பழைய பெட்டிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளுக்குள்ளேயே நடந்து போக வழி கிடையாது. கார்டு நான், கடைசியில் பிரேக் வேனில். வண்டி ஓடும்போது முன்பெட்டிகளில் யார் என்ன செய்கிறார்கள் என்பது வளைவுகளில் மட்டும்தான் தெரியும். வண்டி வில்லாக வளையும் நேரத்தில் தலையை வெளியே நீட்டினால் எல்லாப் பெட்டிகளின் படிகளும் வரிசையாகக் கண்ணில் படும். இன்று மூன்றாம் பெட்டிப் படியில் ஒரு பையன். ஒரு கை கம்பியில், மறு கையில் செல்ஃபி குச்சி, உடம்பு முழுக்க வெளியே.

முதல் நிறுத்தத்தில் போய்ச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அடுத்த வளைவில் மறுபடியும் படியில். எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நிலையம் வந்ததும் அதே பெட்டியிலிருந்து ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கூட்டம் ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக் காதைக் கிழிக்கிறதாம்.

தண்ணீர் பிடிக்க ஏழு நிமிடம். எனக்கு இருப்பதும் அந்த ஏழு நிமிடம்தான். ஒற்றைப் பாதை என்பதால் மேல் நிலையத்தில் எதிர்வண்டி எங்களுக்காகக் காத்து நிற்கும். நிலையத்தைத் தாண்டினால் சுரங்கம். பெட்டிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை. படியில் தொங்கும் ஒருவனோடு அந்தச் சுரங்கத்துக்குள் வண்டி போகக்கூடாது. அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

சொன்ன விதம்தான் உறுத்துகிறது. நடைமேடையில் நின்றபடி பெட்டி முழுக்கக் கேட்கக் கத்தினேன். "டிக்கெட் வாங்கித்தானே சார் வந்திருக்கோம்?" என்றான் பையன். அதற்குள் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அத்தனை பேர் முன்னால் அவனால் பணிய முடியவில்லை. என்னாலும்தான். "இறங்குங்க" என்றேன். அவன் இறங்கினான். அவனுக்குப் பின்னால் அம்மா, சித்தப்பா, குழந்தைகள், கடைசியில் கைத்தடியோடு ஒரு பாட்டி. விசில் ஊதிக் கொடி காட்டப் போனபோது பையன் கொடியின் நுனியைப் பிடித்து, "பாட்டி எப்படி சார் திரும்பிப் போவாங்க?" என்று கேட்டான். கொடியை உருவிக்கொண்டேன்.

கீழே போகும் அடுத்த வண்டி 2 மணி 10 நிமிடம் கழித்து.

மே 4, ஞாயிறு

வீடியோ வந்துவிட்டது. 48 விநாடி. என்னுடைய "இறங்குங்க"வில் தொடங்கி, பாட்டியின் கைத்தடி தரையில் ஊன்றுவதில் முடிகிறது. படியில் தொங்கியது இல்லை, முதல் எச்சரிக்கை இல்லை, சுரங்கமும் இல்லை. எடுத்தவரைக் குறை சொல்ல முடியுமா? சத்தம் கேட்ட பிறகுதானே யாரும் போனை எடுப்பார்கள்?

பாட்டியை நடுக்காட்டில் தள்ளிவிட்ட ரயிலாம். அது காடில்லை, நிலையம். கூரை உண்டு, பெஞ்சு உண்டு, ஆளும் உண்டு. இதை யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"நாளைக்கு வேலைக்குப் போகணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

மே 5, திங்கள்

போனேன். மேலாளர் அறையில் விளக்க அறிக்கை தயாராக இருந்தது. "எங்கள் பணியாளரைத் தாக்கியதால் வேறு வழியின்றி" என்று ஆரம்பம்.

"யாரும் தாக்கல சார்."

"கொடியைப் புடுங்கலையா?"

"நுனியைப் பிடிச்சான். பிடிச்சிட்டு ஒரு கேள்வி கேட்டான்."

"கை பட்டுச்சுல்ல?"

அந்த இடத்தில்தான் எனக்கு நாபா கதை ஞாபகம் வந்தது. சுற்றுலா ரயிலில் வேலை பார்க்கும் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கதை. மேலாளருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நாபா பள்ளத்தாக்கு ஒயின் ரயில். 2015 ஆகஸ்ட் 22. ஒரு வாசகர் வட்டத்தைச் சேர்ந்த பதினொரு பெண்கள் ஏறினார்கள். பத்துப் பேர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர். எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டியும் அதில் இருந்தார். சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்று ஊழியர் வந்து சொன்னார், மறுபடியும் வந்து சொன்னார், கடைசியில் வழியிலேயே ஒரு நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அதுவும் எப்படி? மற்ற பயணிகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பெட்டி பெட்டியாக நடத்திக் கூட்டிப்போய். கீழே போலீஸ் காத்திருந்தது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஊர் திரும்ப வண்டியும் ஏற்பாடு செய்தார்கள். அத்தோடு வாயை மூடியிருந்தால் அவமானம் அவமானமாகவே இருந்திருக்கும், ஆனால் பொய் சேர்ந்திருக்காது. நிறுவனமோ தன் ஃபேஸ்புக் பக்கத்தில், அந்தப் பெண்கள் பயணிகளையும் ஊழியர்களையும் வார்த்தையாலும் உடலாலும் தாக்கியதாக எழுதியது. அப்படி ஒன்று நடக்கவேயில்லை. பதிவை எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. கறுப்பராக இருந்து சிரித்ததுதான் குற்றமா என்று கேட்கும் ஹேஷ்டேக் உலகம் சுற்றியது. தலைமை அதிகாரி, தவறு நூறு சதவீதம் எங்களுடையது என்று மன்னிப்புக் கேட்டார், ஒரு பெட்டியையே ஒதுக்கித் தருகிறோம், நண்பர்களோடு வாருங்கள் என்றார். அவர்கள் வரவில்லை. அக்டோபரில் 1.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2016-இல் சமரசமாக முடிந்தது.

இறக்கிவிட்டதற்கான மன்னிப்பு ஒன்று, எழுதிய பொய்க்கான மன்னிப்பு இன்னொன்று. இரண்டாவதுதான் கழுத்தை இறுக்கியது என்பது என் கணக்கு.

நாங்கள் நாபா இல்லை. எங்கள் பையன் நிஜமாகவே படியில் தொங்கினான், அவர்கள் வெறுமனே சிரித்தார்கள். ஆனால் "தாக்கினர்" என்று எழுதினால் நாளைக்கு அந்தப் பெட்டியிலிருந்தே இன்னொரு வீடியோ வரும். கொடியின் நுனியை இரண்டு விரலால் பிடித்திருக்கும் ஒரு பையன் அதில் தெரிவான்.

மேலாளர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் அந்த வரியை அடித்தார்.

மே 6, செவ்வாய்

அறிக்கை வெளியானது. நாலு வரி. பாதுகாப்பு எங்கள் முதல் கடமை, யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம். "புண்பட்டிருந்தால்" என்ற அந்த "ஆல்" வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஜனங்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். வருத்தத்துக்கு ஒரு நிபந்தனை போட்டால் அதை யார் வருத்தமாக எடுத்துக்கொள்வார்கள்? பையன் படியில் நின்றதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை, பாட்டி காத்திருந்ததைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. இரண்டையும் உள்ளபடி சொல்லியிருந்தாலே போதும்.

மே 7, புதன்

என்னைப் படம் எடுக்கிறார்கள். கொடி காட்டும்போது மூன்று போன்கள். ஒரு குழந்தை, "அம்மா, இவருதான் அவரு" என்றது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் எடுத்திருப்பார்கள்.

சாயங்காலம் காற்று திசை மாறிவிட்டது. பையன் தொங்கியதை யாரோ இரண்டாம் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார்கள், அது வெளியே வந்தது. நேற்று வரை என்னைத் திட்டியவர்களில் பாதிப் பேர் இன்று என் கட்சி. சந்தோஷப்படலாமா என்று பார்த்தால், பையன் எங்கே வேலை செய்கிறான் என்று கண்டுபிடித்து அவன் அலுவலகத்துக்கு எழுதச் சொல்கிறார்கள். அவன் தங்கையின் படத்தைக்கூடப் போட்டிருக்கிறார்கள். அதுவும் எங்கள் பக்கத்திலேயே, எங்கள் பதிவின் கீழேயே.

மேலாளருக்குப் போன் செய்தேன். "நமக்கு ஆதரவாத்தானே எழுதுறாங்க, விடுங்க" என்றார். விடக்கூடாது சார், நம்ம வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரனை ஏசினால் கேட்க வேண்டியது நாம்தானே என்றேன். அரை மணி நேரத்தில் அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, அந்தக் குடும்பத்தை யாரும் தேடிப் போக வேண்டாம் என்று ஒரு வரி போட்டார்கள். இந்த வாரத்தில் நாங்கள் செய்த முதல் உருப்படியான காரியம்.

மே 9, வெள்ளி

மேலாளர் அந்த வீட்டுக்குப் போன் செய்தார். பாட்டி என்னிடம் பேச வேண்டும் என்று சொன்னாராம். வாங்கிப் பேசினேன். கை கொஞ்சம் நடுங்கியது.

"நீங்க என்னை இறக்கிவிடல தம்பி. பேரன் இறங்கினான், நானும் இறங்கினேன். அவன் பண்ணதும் தப்புதான், வீட்டுல சொல்லியாச்சு. ஆனா வண்டி போனப்புறம் அடுத்த வண்டி எப்ப வரும்னு ஒருத்தர்கூட வந்து சொல்லல. கழிப்பறை பூட்டிக் கிடந்துச்சு. சாவி யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல."

எனக்குப் பதில் வரவில்லை. நான்கு நாளாக நான் வாதாடியதெல்லாம் அந்த ஏழு நிமிடத்துக்காக. அவர் கேட்டது அதற்குப் பிறகு வந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி. நிலைய அதிகாரிக்கு வாக்கி டாக்கியில் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "எட்டுப் பேர், அதுல ஒரு பாட்டி, பாத்துக்கோங்க." நாலைந்து விநாடி வேலை. அந்த நேரத்தில் நான் தாமதத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"தப்புதான் பாட்டி" என்றேன். 'ஆல்' எதுவும் சேர்க்கவில்லை.

மே 10, சனி

காலையில் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினோம். நிறைய வளவளப்பு. உருப்படியாக நின்றவை சில. பெட்டிக்கு வெளியே நின்று கத்தக்கூடாது. ஏறிப் போய்ப் பக்கத்தில் குனிந்து பேச வேண்டும், அதுவும் ஆட்டம் போடும் ஆளிடம் இல்லை, கூட வந்தவர்களில் பெரியவரிடம். பெரும்பாலும் அவரே முடித்து வைத்துவிடுவார். சத்தம் வேறு, படி வேறு. சத்தத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கலாம், புகார் சொன்னவரையே நகர்த்தி உட்கார வைக்கலாம். அதற்காக யாரையும் இறக்கக்கூடாது. அன்றைக்கு நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன். பெரியவர் புகார் சொல்லாமல் இருந்திருந்தால் அவ்வளவு சூடாகப் போயிருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை.

இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால், இறங்கியவர்களோடு ஒரு ஆள் இருக்க வேண்டும். அடுத்த வண்டி நேரமும் கழிப்பறைச் சாவியும் அவர் பொறுப்பு.

புதிதாகச் சேர்ந்த தம்பி, கதவுகளுக்குத் தானாகப் பூட்டும் வசதி போட்டால் இந்த வம்பே இல்லையே என்றான். நியாயமான கேள்விதான். ஸ்காட்லாந்தின் ஜேக்கபைட் நீராவி வண்டியில் இதே தகராறு நீதிமன்றம் வரை போனது. பழைய கதவுகளுக்கு மையப் பூட்டு வேண்டும் என்றது ரயில் பாதுகாப்பு அமைப்பு. கதவருகே ஆள் நிறுத்துகிறோம், அது போதும் என்றது கம்பெனி. 2023 டிசம்பரில் கம்பெனி வழக்கில் தோற்றது. பூட்டு வந்தால் பாரம்பரியம் கெட்டுவிடும் என்று எங்களிடமும் ஒரு கோஷ்டி சொல்கிறது. எனக்கு அதில் அவ்வளவு பக்தி இல்லை. எங்கள் பெட்டிகளில் திறந்த படிதானே, கதவைப் பூட்டினால் படிக்கு எவனும் வர மாட்டான்.

டிரைவர் அண்ணன் கடைசியாக வாயைத் திறந்தார். "உள்ளே இருக்கிறவனையாவது நீங்க இறக்கிவிடலாம். வெளியே தண்டவாளத்துல நின்னு படம் எடுக்கிறவனை யாரு இறக்கிவிடுறது?" 2016 பிப்ரவரியில் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பிரிட்டனின் புகழ்பெற்ற பழைய நீராவி எஞ்சின் புதுப்பிக்கப்பட்டு லண்டனிலிருந்து யார்க்குக்கு முதல் ஓட்டம் போனபோது, ஆட்கள் பாதைக்குள் வந்ததால் வழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2024 ஜூனில் மெக்சிகோவில் ஒரு பழைய நீராவி எஞ்சினோடு செல்ஃபி எடுக்கக் குனிந்த பெண் அடிபட்டு இறந்துபோனார். அண்ணன் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. கூட்டம் கலைந்தது.

மே 17, சனி

வீடியோவை ஊர் மறந்துவிட்டது. ஒற்றை நட்சத்திரங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

இன்று மூன்றாம் பெட்டிப் படியில் ஒரு சிவப்புச் சட்டை. நாற்பது வயதிருக்கும். முதல் நிறுத்தத்தில் ஏறிப் போய், கூட இருந்த அவர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "உள்ள வந்து உக்காருடா" என்றார் அம்மா. உட்கார்ந்தார். யாரும் போனை எடுக்கவில்லை.

தண்ணீர் நிலையம் தாண்டிய வளைவில் தலையை நீட்டினேன். மறுபடி அதே சிவப்புச் சட்டை, படியில். சுரங்கம் எதிரே தெரிகிறது. வேனில் இருக்கும் பிரேக் வால்வைத் திறந்தேன். பிரேக் குழாயின் வெற்றிடத்தைக் காட்டும் வேக்குவம் கேஜில் முள் விழுந்தது, வண்டி முனகிக்கொண்டே நின்றது. ஏற்றத்தில் நிறுத்திய எஞ்சினைக் கிளப்புவது லேசில்லை. சக்கரம் மூன்று தடவை வழுக்கியது, மணல் தூவி ஒருவழியாக நகர்த்தினார் டிரைவர் அண்ணன். அதற்குள் நான் பாதையோரமாக நடந்து போய் மூன்றாம் பெட்டியிலேயே ஏறி, சிவப்புச் சட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிரேக் வேனுக்குப் புதுத் தம்பியை அனுப்பினேன். மேல் நிலையம் வரை அவரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எதிர்வண்டி பதினொரு நிமிடம் காத்திருந்தது. அதிலிருந்த இரண்டு பேர் தாமதத்துக்காகப் புகார் எழுதியிருக்கிறார்கள். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: மூன்றாம் பெட்டி, படி.