தனுஷ்கோடியில் ஒரு புரட்டாசிக் காலை: உள்ளான்களின் வயது பார்த்த கதை

எத்தனை வகை பார்த்தோம் என்ற கணக்கை இந்த முறை விட்டுவிட்டேன். வலசை வந்த உள்ளான்களில் (சேற்றோரம் இரை தேடும் சிறு கரைப்பறவைகள்) எது இந்த வருஷத்துக் குஞ்சு, எது பெரியது என்று பிரிக்க முடிகிறதா என்பது மட்டும்தான் வேலை. செப்டம்பர் கடைசி அதற்குத் தோதான நேரம். ஆர்க்டிக்கில் முட்டையிடும் உள்ளான்களில் பெரியவை ஆகஸ்ட் வாக்கிலேயே முந்திக்கொண்டு கிளம்பிவிடும். குஞ்சுகள் பின்னாலேயே தனியாக வரும். வழி காட்ட அப்பா அம்மா கிடையாது.

பாம்பன் தீவு கிழக்கே ஒடுங்கிக்கொண்டே போய் அரிச்சல்முனையில் முடிகிறது. 2017இல் தார்ச்சாலை திறந்ததிலிருந்து முனைவரை போவது சுலபம். அதனாலேயே வெயில் ஏறினால் கூட்டம்தான். முனைக்குப் போகாமல் வழியிலேயே ஒரு சேற்றுத் தேக்கத்தின் ஓரம், வெயில் முதுகில் விழும்படி உட்கார்ந்துகொண்டேன். காற்று பலமாக இருந்தது. ஸ்டாண்டைத் தாழ்த்தி, பையை அதில் தொங்கவிட்ட பிறகுதான் தொலைநோக்கி ஆடாமல் நின்றது.

முதலில் கொசு உள்ளான். குஞ்சுக்கு முதுகு இறகுகளின் ஓரம் புதுசாக, செம்பழுப்பாக இருக்கும். முதுகில் வெள்ளைக்கோடு இரண்டு ‘வி’ போல இறங்கும். பெரியவற்றின் இறகு தேய்ந்து, நடுநடுவே சாம்பல் நிறப் புது இறகு எட்டிப்பார்க்கும். வளைமூக்கு உள்ளான் இன்னும் எளிது: குஞ்சின் முதுகு மீன் செதில் அடுக்கியது போல, நெஞ்சில் லேசான பழுப்பு மஞ்சள். கிட்டே நின்றவற்றில் முக்கால்வாசி குஞ்சுகளே. சைபீரியாவிலிருந்து முதல் தடவையாக, யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்தவை!

இதற்கு நேர் எதிர் நண்டு தின்னி. ஒன்பது நின்றன. அதில் முதுகு சாம்பலாக இருந்த இளசு ஒன்று பெரிய பறவையை விடாமல் துரத்தித் துரத்திச் சிணுங்கியது. அரபிக் கடலோரங்களிலும் செங்கடல் பக்கமும் மணலில் வளை தோண்டி, உள்ளே ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும் பறவை இது. கரைப்பறவைக் குஞ்சுகள் பொதுவாகப் பொரித்த அன்றே தானாக இரை தேடும். இதற்கோ பெற்றோர் ஊட்டவேண்டும். கடல் தாண்டி வந்த பிறகும் ஊட்டல் தொடர்கிறது. அரை மணி நேரம் பார்த்ததில் நண்டு ஒருமுறைதான் கைமாறியது. மற்ற நேரமெல்லாம் பெரியது முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தது.

நடுவில் விரால் அடிப்பான் என்ற மீன் பிடிக்கும் கழுகு ஒன்று மீனோடு போக, மொத்தக் கூட்டமும் எழுந்து உட்கார்ந்தது, எண்ணியது போச்சு. சுற்றுலா வந்தவர்கள் பூநாரை எங்கே என்று கேட்டார்கள். 2025இல் இங்கே பூநாரைச் சரணாலயம் அறிவித்ததிலிருந்து எல்லோரும் கேட்பது அதைத்தான். பொங்கலுக்கு மேல் வாங்க என்றேன்.

பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் தளத்தில் பட்டியல் ஏற்றும்போது வயதையும் குறிப்பில் சேர்த்தேன். ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் பக்கம் போகவே இல்லை. அடுத்து மணல் உப்புக்கொத்திகள் என்ற கரைப்பறவைகள்: சிறிய வகையும் பெரிய வகையும் கலந்து நிற்கும்போது காலின் நீளத்தை வைத்துப் பிரிக்க முடிகிறதா பார்க்கவேண்டும். அதற்கு அவசரமில்லை, பங்குனிவரை இங்கேதான் இருக்கும்.