பணம் பெற யுபிஐ பின் (PIN) எதற்கு?

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நேற்று ஒரு மின்னஞ்சல். “உங்கள் கணக்கில் 14,999 ரூபாய் கழிக்கப்படுகிறது, ரத்து செய்ய அழைக்கவும்.” கீழே ஒரு கைப்பேசி எண். நல்லவேளை, அழைக்கும் முன் என்னிடம் காட்டினார். அனுப்பியவர் முகவரியைத் தொட்டுப் பார்த்தால் யாரோ ஒருவரின் ஜிமெயில்!

அழைத்திருந்தால், ரீஃபண்ட் தருகிறோம் என்று திரையைப் பகிரும் செயலி ஒன்றைப் போடச் சொல்வார்கள். போட்டுவிட்டால் நமக்கு வரும் ஓடிபி அவர்களுக்கும் தெரியும். அப்புறம் யுபிஐ பின் (ரகசிய எண்) கேட்பார்கள். பணம் பெற அந்த ரகசிய எண் தேவையே இல்லை. போட்டால் போவது நம் பணம்தான்.

கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணையும் நம்ப வேண்டாம். கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணே சரி.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழி உண்டு. வீட்டுப் பெரியவர்கள் போனிலும் இந்த எண்ணை இன்றே பதிந்து வையுங்கள்.