எஃப்எஸ்எக்ஸ் விமானத்தில் ஜிபிஎஸ் பொருத்துவது எப்படி?

எஃப்எஸ்எக்ஸ் என்பது கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். அதற்கு இலவசமாக இறக்கிக்கொள்ளும் பழைய விமானங்கள் பலவற்றில் வழிகாட்டும் ஜிபிஎஸ் திரை இருக்காது. அதற்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. 2006-ல் வந்த அந்த சிமுலேட்டர் கூடவே கார்மின் 500 மாதிரியில் ஒரு கேஜ் (திரையில் தெரியும் கருவி) வருகிறது. அதை உங்கள் விமானத்தின் பேனலில் (கருவிப் பலகையில்) காட்டச் சொன்னாலே போதும்.

சிமுலேட்டரின் ஃபோல்டரில் சிம்ஆப்ஜெக்ட்ஸ், ஏர்பிளேன்ஸ் என்று போய் விமானத்தின் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே பேனல் ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள பேனல் சிஎஃப்ஜி (panel.cfg) என்ற அமைப்பு ஃபைலை முதலில் நகல் எடுத்து வையுங்கள். திறந்ததும் 'அலையஸ்' என்று ஒரே ஒரு வரி மட்டும் தெரிந்தால், அந்த விமானம் வேறொன்றின் பேனலைக் கடன் வாங்குகிறது என்று பொருள். அந்த இன்னொரு ஃபைலைத்தான் திருத்த வேண்டும்.

வரிகளைக் கையால் தட்டாதீர்கள். கூடவே வரும் செஸ்னா 172-இன் பேனல் ஃபைலில் ஜிபிஎஸ் விண்டோ பகுதி முழுசாக இருக்கிறது, அப்படியே எடுத்து ஒட்டுங்கள். ஒட்டிய பகுதியின் தலைப்பு எண்ணை, உங்கள் ஃபைலில் கடைசியாக உள்ள விண்டோவுக்கு அடுத்த எண்ணாக மாற்றுங்கள். மேலே விண்டோ டைட்டில்ஸ் பட்டியலிலும் அதே எண்ணில் ஒரு வரி வேண்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் விண்டோ திறக்காது. பெரும்பாலானோர் தடுக்குவது இங்கேதான். அளவு 456, 378 என்பதை மாற்றாதீர்கள், விகிதம் கெட்டால் படம் இழுபட்டுத் தெரியும். திரையில் எங்கே வர வேண்டும் என்பதை பொசிஷன் எண் முடிவு செய்கிறது: 0 இடது மேல் மூலை, 8 வலது கீழ் மூலை.

சிமுலேட்டர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால், அங்கே நேரடியாகச் சேமிக்க விண்டோஸ் விடாது. டெஸ்க்டாப்பில் திருத்தி, பிறகு அங்கே ஒட்டிவிடுங்கள். ஃபைல் பெயரின் முடிவில் நோட்பேட் வால்போல் .txt சேர்த்துவிட்டதா என்றும் பாருங்கள்.

முப்பரிமாணக் காக்பிட்டுக்குள்ளேயே வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். மாடலைச் செய்தவர் அந்த இடத்தில் கேஜுக்கான டெக்ஸ்சர் (கேஜின் படம் ஒட்டும் பரப்பு) வைத்திருந்தால் மட்டுமே அது நடக்கும். இல்லாத இடத்தில் சிஎஃப்ஜி ஃபைலால் திரை முளைக்காது. தனியாகத் திறக்கும் 2டி விண்டோ எல்லா விமானத்திலும் வேலை செய்யும். இரண்டாவது மானிட்டர் இருந்தால் அதில் இழுத்து வைத்துவிடலாம்.

ஜிபிஎஸ் தெரிந்துவிட்டது, பாதையும் வரைகிறது, ஆனால் ஆட்டோபைலட் எங்கோ போகிறதா? கேஜில் கோளாறு இல்லை. ஆட்டோபைலட்டின் நாவ் மோடு (தானே பாதையைப் பின்பற்றும் முறை) இயல்பாக நாவ் 1 என்ற வழிகாட்டும் ரேடியோவைத்தான் பின்தொடரும். நாவ்/ஜிபிஎஸ் சுவிட்சை ஜிபிஎஸ் பக்கம் தள்ள வேண்டும். பழைய பேனலில் அந்த சுவிட்சே இருக்காது என்பதால், கன்ட்ரோல்ஸ் அமைப்பில் அதற்கென ஒரு கீயை ஒதுக்குங்கள். இறங்கும்போது இதன் மறுபக்கம் காத்திருக்கிறது: சுவிட்ச் ஜிபிஎஸ்ஸிலேயே இருந்தால் அப்ரோச் மோடு (ஓடுபாதையை நோக்கி இறக்கும் முறை) ஐஎல்எஸ் என்ற தரையிறக்க ரேடியோ அமைப்பின் கிளைட்ஸ்லோப்பை, அதாவது இறங்கு சரிவுக்கான சிக்னலைப் பிடிக்காது, விமானம் அதே உயரத்தில் ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடும். ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் சிக்னலை நெருங்கும் முன்பே நாவுக்கு மாற்றிவிடுங்கள்.

வெளியார் செய்த கேஜ்கள் என்றால், முதல் முறை ஏற்றும்போது நம்பலாமா என்று சிமுலேட்டர் கேட்கும். தவறி 'இல்லை' அழுத்தினால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். எஃப்எஸ்எக்ஸ் சிஎஃப்ஜி (fsx.cfg) என்ற சிமுலேட்டரின் அமைப்பு ஃபைலில் டிரஸ்டட் பகுதிக்குப் போய் அந்தக் கேஜின் வரியை நீக்கினால் மறுபடி கேட்கும். 32-பிட் காலத்து கேஜ் ஃபைல்கள் எஃப்எஸ்எக்ஸ் வழிவந்த பிரிபேர்3டி சிமுலேட்டரில் பதிப்பு 4 முதல் ஓடாது, அது 64-பிட்.

கூடவே வரும் கேஜில் அப்ரோச் (இறங்கும் கடைசிக் கட்டப் பாதை) உண்டு, சிட் (புறப்பாட்டுப் பாதை), ஸ்டார் (வருகைப் பாதை) கிடையாது. அவை வேண்டுமென்றால் ரியாலிட்டி எக்ஸ்பியின் 530 போன்ற கேஜ்கள்தான் வழி. அவை கார்மினின் பயிற்சி மென்பொருளை அடிப்படையாகக் கொண்டவை, தரவும் அதிலிருந்தே வருகிறது. ஆனால் சிமுலேட்டரின் விமான நிலையங்கள் 2006-லேயே நிற்கின்றன. அதன் பிறகு எண் மாறிய ஓடுபாதைகளில் கேஜ் ஒன்று சொல்லும், கண்ணாடிக்கு வெளியே வேறொன்று தெரியும். அந்த நிலையத்துக்குப் புதிய சீனரி (நிலையக் காட்சித் தொகுப்பு) போட்டால்தான் இரண்டும் பொருந்தும்.