பத்துமலைக் கறுப்புக் கறை: மூன்றாவது வாரம்

பத்துமலையில் 272 படி ஏறி வந்தவர்கள் சந்நிதிக்குப் போனார்கள். நான் சுவர் ஓரமாக நின்றேன். விளக்கைச் சுற்றிப் பளிச்சென்று பச்சை படர்ந்திருந்தது. குகையில் நான் தேடிவந்த, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கூட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்தார். "என்ன தம்பி தேடுறீங்க?"

"பாசிண்ணே."

"அதுக்கா இத்தன படி ஏறுனீங்க? எங்க வீட்டு பாத்ரூம்லயே இருக்கே!"

சுவரைச் சுரண்டுவதில்லை என்பது என் விதி. அவரிடம் சொல்லிவிட்டுப் பச்சைமேல் செலோடேப்பை ஒட்டி எடுத்தேன். கூரை திறந்து வெயில் விழும் பின்பக்கத்தில், கறுப்புக் கறையோடு உதிர்ந்து கிடந்த சில்லு ஒன்றையும் சும்மா பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்ததும் பச்சை என் காலை வாரியது. உருண்டை செல்கள்; உள்ளே பச்சை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அதாவது பசுங்கணிகம், ஒளிச்சேர்க்கை நடக்கும் செல் உறுப்பு. பாக்டீரியாவுக்கு அது கிடையாது. அயோடின் விட்டேன், கருநீலப் புள்ளிகள்: மாவுச்சத்து. சாதாரணப் பச்சைப்பாசி.

கறுப்புக் கறையில் முதலில் சுண்ணாம்புத் துகள்தான் தெரிந்தது. ஒரு சொட்டு வினிகர் விட்டேன், நுரைத்து அடங்கியது. பிறகு பார்த்தால், இரண்டு நான்காகச் சேர்ந்த நீலப்பச்சை செல்கள், சுற்றிலும் வெங்காயத் தோல்போல உறைமேல் உறை. வெளியுறை மஞ்சள் கலந்த பழுப்பு. வெயிலைத் தடுக்கும் சைட்டோனெமின் என்ற நிறமி அது. செல்லுக்குள் நிறம் ஒரே சீராகப் பரவியிருந்தது, பசுங்கணிகம் எதுவும் இல்லை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்ததுதான் நான் தேடிய ஒளிச்சேர்க்கை பாக்டீரியா, அதாவது சயனோபாக்டீரியா!

உறுதிப்படுத்த ஃப்ரீசரில் உறையவைத்து உருக்கினேன். செல் உடைந்தால் உள்ளிருக்கும் பைகோசயனின் என்ற நீல நிறமி கசிந்து தண்ணீர் நீலமாக வேண்டும். ஆகவில்லை. வினிகர் பட்ட கறையையே போட்டிருந்தேன். அமிலத்தில் அந்த நிறமி கெட்டுப்போகும். மடத்தனம்தான். மிச்சத்தை அரைத்து, மூன்று முறை உறையவைத்து உருக்கிய பிறகு, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தால் மட்டும் தெரிகிற வெளிர்நீலம் வந்தது.

குளோயோகாப்சா என்ற சயனோபாக்டீரியா வகை என்று குறித்து வைத்திருக்கிறேன். எந்த இனம் என்று சொல்ல டி.என்.ஏ. வேண்டும், அது என் சமையலறையில் நடக்காது.

2010இல் ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பாறைகளிலிருந்து குளோரோபில் எஃப் என்ற பச்சையம் கண்டறியப்பட்டது. கண்ணுக்கு எட்டாத அளவு சிவந்த ஒளியையும் அது பிடிக்கும்; அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகை இருட்டில் வாழும் சயனோபாக்டீரியாக்களிடமும் அது உண்டு. என் கறையிலும் அது இருக்குமோ என்ற ஆசையில் ஒரு துளியை அப்படிச் சிவந்த ஒளி தரும் 730 நானோமீட்டர் எல்.இ.டி. அடியில் வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாகியும் கறை அப்படியே கிடக்கிறது.